சூறாவளி டெய்லரும் கரையிறங்காத கப்பலும்

இலங்கைத் தமிழர்கள் 492 பேருடன் வந்த ‘சன் சீ’ என்ற கப்பல் 2010 ஆகஸ்ட் 13ஆம் திகதி கனடாவின் மேற்குக்கரையில் உள்ள எஸ்குவைமோல்ட் கடற்படைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, அந்நாட்டின் ஊடகங்கள் சில 96 வருடங்களுக்கு முன்னர் அதே கரையோரத்தை வந்தடைந்த வேறொரு கப்பலை நினைவுபடுத்தின. ‘கோமகட்டா மாரு’ என்ற அந்த ஜப்பானியக் கப்பலின் கதையை அதுவரையில் நான் மேலோட்டமாக மாத்திரமே அறிந்திருந்தேன். செய்தியொன்றின் வேரைத் தேடிப்போகும் பழைய பழக்கத்தினால் அதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பின்போது ஒரு பெயரில் கண் தரித்துநின்றது.

1914 மே மாதத்தில் வன்கூவர் துறைமுகத்தில் அந்தக் கப்பலை முதலில் எதிர்கொண்ட கனடியக் குடிவரவு அதிகாரியின் பெயர் பிரெட் டெய்லர். கனடிய விளையாட்டு வரலாற்றில் ‘சைக்லோன்’ டெய்லர், அதாவது சூறாவளி டெய்லர் என்று போற்றப்படும் ஐஸ் ஹொக்கி வீரரும் அவரே. தொழில்முறை ஐஸ் ஹொக்கியின் முதலாவது தலைமுறையில் அவரளவுக்குப் புகழும் பணமும் ஈட்டியவர்கள் மிகவும் குறைவு.

எமது வெப்பநாட்டு வாசகர்களுக்கு அந்த விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். உறைந்த பனித்தளத்தில் கூரிய இரும்புத் தகடு பொருத்திய சப்பாத்துகளுடன் சறுக்கியவாறு, கறுப்பு இறப்பர் வட்டொன்றை மட்டையினால் அடித்து எதிரணியின் வலைக்குள் செலுத்துவதே ஐஸ் ஹொக்கி. இன்று பனித்தளத்தில் அணிக்கு ஆறு பேர் இறங்குகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறிக்கொள்கிறார்கள். டெய்லர் விளையாட ஆரம்பித்த காலத்தில் அணிக்கு ஏழு பேர். அநேகமாக அதே ஏழு பேரும் அறுபது நிமிடங்களும் களத்தில் நிற்கவேண்டும். அந்தச் சூழ்நிலையில் மற்றவர்களை விடவும் வேகமாகவும் களைப்பில்லாமலும் சறுக்கக்கூடிய ஒருவனுக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

பிரெடரிக் வெலிங்டன் டெய்லர் ஒன்ராறியோ மாகாணத்தின் டாரா என்ற சிற்றூரில் 1884ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் விவசாய உபகரணங்களை ஊரூராகச் சென்று விற்பனை செய்தவர். குடும்பம் பின்னர் லிஸ்டோவெல் என்ற இடத்தில் குடியேறியது. வசதி குறைந்த வீட்டின் பிள்ளையான டெய்லர் 17 வயதில் பாடசாலையை விட்டு அந்த ஊரின் பியானோ தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 20 டொலர் வரைதான் கிடைத்தது. மாலை நேரங்களிலும் குளிர்கால விடுமுறை நாட்களிலும் பனித்தளமே அவரது உலகமாக இருந்தது.

ஒன்ராறியோ ஹொக்கிச் சங்கம் அந்நாட்களில் பணத்துக்காக விளையாடுவதைப் பெரும் பாவமாகக் கருதியது. அந்தச் சங்கத்துடன் டெய்லருக்கு ஏற்பட்ட பிணக்கோ வேறு வகையானது. 1904ஆம் ஆண்டில் ரொறன்ரோவின் மார்ல்பரோ அணிக்கு விளையாட வருமாறு விடுக்கப்பட்ட அழைப்பை இருபது வயது இளைஞர் மறுத்துவிட்டார். அதன் பின்னர் மாகாணத்தின் எந்த அணிக்கும் விளையாட முடியாதவாறு அவருக்குக் கதவு அடைக்கப்பட்டது. ஒரு பருவகாலம் முழுவதையும் அவர் அதனால் இழந்தார். எங்கே விளையாடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஆட்டக்காரனுடையதா அல்லது சங்கத்தினுடையதா என்ற கேள்வி அவரது வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரமாகவே எழுந்துவிட்டது.

டெய்லர் கண்ட பதில், புறப்பட்டுப் போவது. முதலில் மனிற்றோபாவின் போர்ட்டேஜ் லா பிரெய்ரிக்குச் சென்றார். 1906 ஜனவரியில் அங்கிருந்து எல்லையைத் தாண்டி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செப்புச் சுரங்கங்கள் நிறைந்த ஹௌட்டன் நகருக்குப் போனார். உலகின் முதலாவது முழுமையான தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக் 1904 தொடக்கம் 1907 வரை இயங்கியது அந்தப் பிராந்தியத்தை மையமாகக் கொண்டே. செலவுகளுக்குப் புறம்பாக 400 டொலர் பெற்றுக்கொண்டு விளையாடிய டெய்லரின் அணி 1906இலும் 1907இலும் லீக் பட்டத்தை வென்றது. கூடுதலான கூலி கிடைக்கும் இடத்துக்கு எல்லை கடந்து சென்ற தொழிலாளி என்று அந்நாளைய டெய்லரைச் சொன்னால் தவறில்லை. அவரை வழிமறித்து, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்றோ எந்த வழியாக வந்தாய் என்றோ விசாரித்துத் திருப்பியனுப்ப எவரும் அங்கே காத்திருக்கவில்லை.

மிச்சிகன் லீக் 1907இல் மூடப்பட்டதும் கனடிய அணிகள் டெய்லருக்காகப் போட்டிபோட்டன. வென்றது ஒட்டாவா. பருவகாலத்துக்கு 500 டொலர் தருவதாகச் சொன்ன அந்த அணி, அதற்கு மேலதிகமாக ஒன்றையும் வழங்க முன்வந்தது. அதுதான் மத்திய அரசாங்கத்தின் உள்விவகாரத் திணைக்களத்தில், குடிவரவுப் பிரிவில், மாதம் 35 டொலர் சம்பளத்துடன் ஓர் எழுதுவினைஞர் பதவி. ஹொக்கியின் ஆயுள் குறுகியது, அரசாங்க உத்தியோகமோ ஓய்வூதியம் வரை நீடிப்பது என்பதை பியானோ தொழிற்சாலையில் கைகாய்த்த இளைஞர் நன்கு உணர்ந்திருந்தார். கோழி மேய்த்தாலும் கோறணமெந்தில் மேய்க்கவேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். அந்தக் கருத்தில் ஒட்டாவாவும் எமக்குப் பின்தங்கியதல்ல.

இந்த இடத்தை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ளவேண்டும். பந்தயத் திறமைக்காக வேலை கொடுத்து வீரர்களை அணியில் சேர்த்துக்கொள்வது இலங்கையிலும் வர்த்தக நிறுவனங்களும் திணைக்களங்களும் காலங்காலமாகச் செய்துவந்த காரியம்தான். ஆனால், வேகமாகச் சறுக்கத் தெரிந்த காரணத்துக்காக ஒருவர் ஒரு நாட்டின் வாசற்கதவுக்குக் காவலர்களில் ஒருவரானார் என்பது கவனிக்கத்தக்கது. டெய்லரின் குடிவரவு உத்தியோகம் அவரது ஹொக்கிச் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே வந்து சேர்ந்தது.

அவர் ஒட்டாவா வந்த 1907ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் வன்கூவரில் சீனர்களினதும் ஜப்பானியர்களினதும் குடியிருப்புகளையும் கடைகளையும் கும்பலொன்று தாக்கியது. 1908 ஜனவரியில் ஒட்டாவா அரசாங்கம் ‘தொடர் பயண’ ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. பிறந்த நாட்டில் இருந்து இடையில் எங்கும் கப்பல் மாறாமல், புறப்படும்போதே வாங்கிய நேரடிப் பயணச்சீட்டுடன் வந்தால் மாத்திரமே அனுமதி என்பது அதன் சாரம். இந்தியாவில் இருந்து கனடாவுக்கு அப்படியொரு நேரடிக் கப்பல் சேவை கிடையாது. அதனால் எந்த இனத்தின் பெயரையும் குறிப்பிடாமலேயே ஓர் உபகண்டத்தின் மக்களுக்குக் கதவை மூட அந்த விதியினால் முடிந்தது. ஆசியர்கள் 200 டொலர் கையில் வைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. டெய்லரின் பழைய தொழிற்சாலைச் சம்பளத்தில் அது பத்து மாத ஊதியம்.

பனித்தளத்திலோ ஒட்டாவா நகரம் டெய்லரைக் கொண்டாடியது. அவரது ஆட்டத்தைப் பார்த்த ஆளுநர் நாயகம் கிரே பிரபு அவரைச் சூறாவளி என்று வர்ணித்ததாகவும், அதைச் செவிமடுத்த பத்திரிகையாளர் ஒருவர் மறுநாள் அச்சில் ஏற்றிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. பட்டப்பெயர்கள் பத்திரிகைக் காரியாலயங்களில் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறிந்தவன் என்பதால் அதை முழுமையாக நம்பவும் தோன்றவில்லை, முற்றாகத் தள்ளிவிடவும் மனமில்லை. எப்படியோ பெயர் நிலைத்துவிட்டது. 1909ஆம் ஆண்டு ஒட்டாவா அணி ஸ்டான்லி கிண்ணத்தைத் தன்வசமாக்கியபோது டெய்லர் அதன் நட்சத்திரங்களில் ஒருவர்.

அந்த வருட இறுதியில் ஒட்டாவாப் பள்ளத்தாக்கின் ரென்ஃப்ரூ என்ற சிறுநகரத்தில் இருந்து, சுரங்கத்திலும் ரயில்பாதை ஒப்பந்தங்களிலும் கோடீஸ்வரரான ஓ’பிரையனின் குடும்பம் பணப்பையைத் திறந்தது. பன்னிரண்டு போட்டிகள் கொண்ட ஒரு பருவகாலத்துக்கு டெய்லருக்கு 5,250 டொலர். போட்டியொன்றுக்கு 437 டொலருக்கும் அதிகம். பியானோ தொழிற்சாலையில் இருந்திருந்தால் அந்தத் தொகையைச் சம்பாதிக்க அவருக்கு இருபது வருடங்களுக்கும் கூடுதலான காலம் எடுத்திருக்கும். கைவிட்டுப் போன வீரனை ஒட்டாவா ரசிகர்கள் எளிதில் மன்னிக்கவில்லை. பின்புறமாகச் சறுக்கிச் சென்றே ஒட்டாவாவின் வலைக்குள் கோல் போடுவேன் என்று டெய்லர் சவால் விட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பருவத்தின் கடைசிப் பகுதியில் ஏறத்தாழ அவ்வாறே ஒரு கோல் போட்டதாகவும் எழுதின. எவ்வளவு தூரம் பின்புறமாகச் சென்றார் என்பதில் அன்று தொடங்கிய விவாதம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் ஓயவில்லை. அவ்வளவு பணத்தைக் கொட்டியும் ரென்ஃப்ரூவினால் கிண்ணத்தை வெல்ல முடியவில்லை. 1911இல் அணி கலைந்தது. டெய்லரின் உரிமை மொன்றியல் வாண்டரர்ஸ் அணிக்குப் போனதாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே போகமாட்டேன் என்று இடைநிறுத்தத்தை ஏற்றுக்கொண்டு அவர் கிட்டத்தட்ட ஒரு பருவகாலம் முழுவதும் வீட்டில் இருந்தார். 1904ஆம் ஆண்டு இளைஞரின் பிடிவாதம் மாறவில்லை.

1912ஆம் ஆண்டு அவர் வன்கூவர் போய்ச்சேர்ந்தார். ஃபிராங்க் பட்ரிக், லெஸ்டர் பட்ரிக் சகோதரர்கள் மேற்குக்கரையில் புதிய லீக்கொன்றைத் தொடங்கி, வன்கூவரின் டென்மன் வீதியில் துறைமுக நீரோரமாகப் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அமரக்கூடிய அரங்கொன்றை, செயற்கைப் பனித்தளத்துடன் கட்டியிருந்தார்கள். டெய்லர் வன்கூவர் மில்லியனர்ஸ் அணியில் சேர்ந்தார். அரசாங்க உத்தியோகத்தையும் விட்டுவிடவில்லை. வன்கூவர் குடிவரவு அலுவலகத்துக்கு மாற்றம் பெற்றுக்கொண்டார். ஒட்டாவாவில் அறிமுகமான தேர்ஸா குக் என்ற பெண்மணியை 1914 மார்ச்சில் மணமுடித்தார்.

இரண்டு மாதங்கள் கழித்து, மே 23ஆம் திகதி, கோமகட்டா மாரு வந்தது. குர்தித் சிங் என்பவர் வாடகைக்கு அமர்த்திய அந்தக் கப்பல் ஹொங்கொங்கில் இருந்து புறப்பட்டு வந்திருந்தது. அதில் 376 பயணிகள்; 340 பேர் சீக்கியர்கள், 24 பேர் முஸ்லிம்கள், 12 பேர் இந்துக்கள். எல்லோரும் பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகள். பேரரசின் எந்த மூலையிலும் வாழும் உரிமை தங்களுக்கு இருக்கிறது என்பதே அவர்களின் வாதம். அவர்களில் பழைய சிப்பாய்களும் இருந்தார்கள். கப்பலை எதிர்கொண்ட டெய்லரும் அதே மன்னரின் பிரஜைதான்.

ஏற்கெனவே கனடாவில் வசித்துவிட்டுத் திரும்பியவர்களான சுமார் இருபது பேருக்கு மாத்திரம் தரையிறங்க அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலிலேயே இரண்டு மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். உணவும் குடிநீரும் வேண்டிப் போராடவேண்டியிருந்தது. நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கம் நின்றது. ஜூலை 19ஆம் திகதி அதிகாலையில் பொலிஸாரை ஏற்றிக்கொண்டு வந்த இழுவைப்படகைப் பயணிகள் நிலக்கரித் துண்டுகளால் அடித்துத் துரத்தினார்கள். முடிவில் ‘ரெயின்போ’ என்ற போர்க்கப்பல் வரவழைக்கப்பட்டு, ஜூலை 23ஆம் திகதி கோமகட்டா மாரு வெளியேற்றப்பட்டது. செப்டெம்பர் 29ஆம் திகதி கல்கத்தாவுக்கு அண்மையில் உள்ள பஜ்பஜ்ஜில் இறங்கியவர்கள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிப் பிரயோகத்தில் ஏறத்தாழ இருபது பயணிகள் உயிரிழந்தார்கள். அடுத்த மாதம் வன்கூவர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் வைத்து, குடிவரவுத் திணைக்களத்தின் உளவு வேலைகளைக் கவனித்த வில்லியம் ஹொப்கின்சனை மேவா சிங் சுட்டுக்கொன்றார். 1915 ஜனவரி 11ஆம் திகதி மேவா சிங் தூக்கிலிடப்பட்டார்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் டென்மன் அரங்கில் ஸ்டான்லி கிண்ணப் போட்டி நடைபெற்றது. ஒட்டாவாவில் இருந்து வந்த அணியை வன்கூவர் மூன்று ஆட்டங்களிலும் 6–2, 8–3, 12–3 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. தன்னை அரச உத்தியோகத்தராக்கிய அணியின் வலைக்குள் டெய்லர் கோல்களைக் குவித்தார். மேற்குக்கரைக்கு ஸ்டான்லி கிண்ணம் கிடைத்தது அதுவே முதல் தடவை. வன்கூவர் நகரம் அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தை வெல்லவேயில்லை. 1982, 1994, 2011 ஆகிய ஆண்டுகளில் இறுதிச்சுற்று வரை வந்து தோற்றது. ஆகவே டெய்லர் அந்நகரத்துக்கு என்ன பொருள் தருபவர் என்பதை விளக்கவேண்டியதில்லை. ஐந்து தடவைகள் லீக்கின் கூடுதலான புள்ளிகளைப் பெற்ற அவர், 1917–18 பருவத்தில் 18 போட்டிகளில் 32 கோல்களைப் போட்டார்.

ஆடுகளத்தை விட்டு விலகிய பின்னரும் உத்தியோகம் தொடர்ந்தது. படிப்படியாக உயர்ந்து பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் யூக்கோனுக்குமான குடிவரவு ஆணையாளரானார். 1946ஆம் ஆண்டு பிரிட்டிஷ் முடி அவருக்கு ஓ.பி.ஈ. விருது வழங்கியது ஹொக்கிக்காக அல்ல, குடிவரவுச் சேவைக்காக. 1947இல் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. மாகாணத்தின் இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் வாக்குரிமை திரும்பக் கிடைத்ததும், தொடர் பயண விதி நீக்கப்பட்டதும் அதே 1947ஆம் ஆண்டில்தான். 1950இல் அவர் ஓய்வுபெற்றார். மறுவருடம் ஒட்டாவா அரசாங்கம் புதிய பொதுநலவாய நாடுகளுக்கென வருடாந்த ஒதுக்கீடு செய்தபோது இந்தியாவுக்கு 150 பேர், பாகிஸ்தானுக்கு 100 பேர், எமது இலங்கைக்கு 50 பேர். பல இலட்சம் தமிழர்களின் வாழிடமாகிவிட்ட ஒரு நாட்டின் கதவு எமக்கு எவ்வளவு அகலத்துக்குத் திறந்திருந்தது என்பதற்கு அந்த இலக்கமே சாட்சி. டெய்லர் 1979 ஜூன் 9ஆம் திகதி தனது 94வது வயதில் காலமானார்.

2017ஆம் ஆண்டு கோடையில் வன்கூவர் சென்றிருந்தபோது, என்னோடு ஒரு காலத்தில் பத்திரிகையில் பணிபுரிந்து எண்பதுகளின் இறுதியில் அங்கு அகதியாகச் சென்ற நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினேன். அவரது இளைய மகன் பாடசாலை அணியில் ஐஸ் ஹொக்கி விளையாடுபவன். வாசலில் கிடந்த அவனது புதிய சப்பாத்துப் பையில் ‘சைக்லோன் டெய்லர்’ என்று பொறிக்கப்பட்டிருந்தது. வீரரின் குடும்பத்தினர் 1957இல் ஆரம்பித்த விளையாட்டுப் பொருள் கடையின் பெயர் அது. மறுநாள் நண்பர் என்னைக் கோல் ஹார்பர் கரைக்கு அழைத்துச்சென்றார். கோமகட்டா மாரு பயணிகளின் பெயர்களுடன் 2012இல் அங்கே ஒரு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டிருக்கிறது. 1936இல் தீக்கிரையான டென்மன் அரங்கு நின்ற இடம் அங்கிருந்து நடை தூரம்தான்.

போகும் வழியில் கடைப்பையில் இருந்த பெயருக்குரியவர் அந்தக் கப்பலுடன் சம்பந்தப்பட்டவர் என்று சொன்னேன். நண்பர் சிறிதுநேரம் பேசாமல் நடந்துவிட்டு, “அண்ணை, இந்த நாடு எங்களுக்கு வாழ்வு தந்தது. அவையின்ரை வீரரைப் பற்றிப் பிள்ளைக்கு இப்பிடி ஒரு கதையைச் சொல்லிக் குடுக்கிறது நன்றிகெட்ட வேலையாய்ப் போகாதோ?” என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. புகலிடம் பெற்றவர்களின் மனதில் அந்தக் கூச்சம் எப்போதும் இருக்கும். ஆனால், 2016 மே 18ஆம் திகதி கனடியப் பாராளுமன்றத்தில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அந்தக் கப்பலுக்காக முறைப்படி மன்னிப்புக் கோரியிருந்தார். ஒரு நாடு தானே ஒப்புக்கொண்டதை அந்நாட்டில் வாழும் ஒரு தமிழ்ப் பிள்ளை அறிந்துகொள்வதில் நன்றிகேடு எதுவும் இல்லை என்று பதிலளித்தேன். கோமகட்டா மாருவை மறித்த கரையில் ‘சன் சீ’ பயணிகள் இறங்கினார்கள். அவர்களுக்கும் அது இலகுவான இறக்கமாக இருக்கவில்லை. குழந்தைகள் உட்பட அனைவரும் தடுத்துவைக்கப்பட்டார்கள், பலர் மாதக்கணக்கில். எனினும் அவர்களின் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக விசாரிக்கப்பட்டன. இரண்டு கப்பல்களுக்கும் இடையிலான அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாத ஒருவனால் கனடாவுக்கு எதற்காக நன்றி சொல்லவேண்டும் என்பதையும் விளங்கிக்கொள்ள முடியாது.

டெய்லர் அந்த விதிகளை வகுத்தவர் அல்லர். அமைச்சர்களும் அரசியல்வாதிகளும் ஒட்டாவாவில் எடுத்த முடிவுகளை அலுவலகத்தில் நிறைவேற்றிய பலரில் அவர் ஒருவர். அவரை ஒரு கொடுமைக்காரராகச் சித்திரிப்பது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது. ஆனால், விதிகள் தாமாக நடமாடுவதில்லை. காலையில் எழுந்து, சீருடை அணிந்து, படகில் ஏறிச்சென்று அவற்றை நடைமுறைப்படுத்துவதற்கு நல்ல கணவன்மார்களும் நல்ல தந்தைமார்களும் ஊர் மெச்சும் விளையாட்டு வீரர்களும் தேவைப்படுகிறார்கள். எந்த அணிக்கும் அடங்காமல், தனக்குப் பிடித்த இடத்துக்குப் போய்த் தனது உழைப்பை விற்கும் உரிமைக்காக இரண்டு தடவைகள் விளையாட்டையே இழக்கத் துணிந்தவர், அதே உரிமையைக் கேட்டு வந்தவர்களுக்கு எதிரான கதவருகே கடமையில் நின்றார். அந்த முரண்பாடு அவருக்கு மாத்திரம் உரியதல்ல.

2008ஆம் ஆண்டு தொடக்கம் கனடியத் தொலைக்காட்சியில் ஐஸ் ஹொக்கி வர்ணனை பஞ்சாபி மொழியில் ஒலிபரப்பானது. அந்த வர்ணனையைக் கேட்டு விளையாட்டைக் கற்றுக்கொண்ட சீக்கியக் குடும்பங்கள் வன்கூவரிலும் சரேயிலும் ஏராளம். அவர்கள் டெய்லரின் கோல்களைப் பற்றியும் பேசுகிறார்கள், கோமகட்டா மாருவின் நினைவுநாளையும் அனுஷ்டிக்கிறார்கள். நண்பரின் மகனிடம் நாங்கள் அன்றிரவு முழுக் கதையையும் சொன்னோம். அவன் முதலில் கேட்டது, பின்புறமாகச் சறுக்கி கோல் போட்டது உண்மையா என்பதைத்தான். இரண்டாவதாக, கப்பலில் தன் வயதுப் பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டான். இருந்தார்கள் என்றேன்.